சின்ன ஹாலில் ராக் கச்சேரியைப் படம்பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எனக்குச் சோறு போடுவது கல்யாண வீடியோதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கை சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருந்த ஒரு மார்கழியில்தான் கல்லூரிப் பிள்ளைகள் நடத்திய ராக் கச்சேரி ஒன்றை எடுக்கப் போனேன். இன்றுவரை விடவில்லை. தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எங்கே போனாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

"சின்ன ஹால்" என்று நான் சொல்வது பந்தி நடக்கும் சாப்பாட்டுக் கூடம், லாட்ஜ் மாடியில் இருக்கும் மினி ஹால், ஓடாமல் கிடக்கும் ரைஸ் மில் குடோன், இந்த மாதிரி. நூறு பேர் நின்றால் கதவைச் சாத்த முடியாது. திருவையாறு ஆராதனை நடக்கிற ஊர்ப்பக்கம் ராக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இல்லை.

"அண்ணே, போன்ல எடுத்தா போதாதா? கேமரா கட்டாயம் வேணுமா?"

போதும். ஆனால் போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நடுவில் அம்மா கூப்பிட்டால் பதிவு அறுந்துவிடும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இரண்டு விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள், முன்னால் போய் நில்லுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, நம் கையில் கொடுக்கிறது. அது ஏன் முக்கியம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

போன் தோற்கிற இடம் சத்தம். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒவ்வொரு தடவை விழும்போதும் போன் தானாகவே ஒலியைக் கீழே இறக்கும். பாடுகிறவன் குரல் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்திருப்பதுபோல் கேட்கும். படம் போனில் இருக்கட்டும், சத்தத்துக்கு வேறு வழி பாருங்கள்.

"கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரிதானே? இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

சக தொழில்காரர்கள் கேட்பது இது. கல்யாணத்தில் எல்லாரும் நமக்காக நிற்பார்கள். "ஒரு நிமிஷம் சாமி" என்றால் தாலியோடு நீட்டிய கை அப்படியே நிற்கும். இங்கே யாரும் நிற்க மாட்டார்கள். கல்யாணத்தில் வெளிச்சம் நம்முடையது. இங்கே வேறு யாரோ போட்ட வெளிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாண வீடியோவில் சத்தம் கெட்டுப்போனால் ஒரு சினிமாப் பாட்டைத் தூக்கி மேலே போட்டு மூடிவிடலாம். கச்சேரியில் மூட எதுவும் கிடையாது. வீடியோவே அந்தப் பாட்டுதான்.

ஸ்லோமோஷன் பழக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டிரம்ஸ் அடிக்கிற கை பாட்டோடு ஒட்டாமல் மிதந்தால் பார்க்கிறவனுக்கு அரை நொடியில் தெரிந்துவிடும். ஆனால் நாலு மணி நேரம் நின்றபடி எடுப்பது, கூட்டத்துக்குள் இடிக்காமல் நுழைவது, பேட்டரியைச் சட்டைப்பையில் தயாராக வைப்பது எல்லாம் கல்யாண ஆட்களுக்குக் கைவந்த கலை. அது சின்ன விஷயமில்லை.

"எத்தனை மணிக்குப் போகணும்?"

ஏழு மணிக் கச்சேரிக்கு நாலு மணிக்கு. சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் வாசிப்பு, நடக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறே முக்காலுக்கு வருகிறவருக்கு இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிற எதுவும் உதவாது.

"எங்கிட்ட ஒரே ஒரு கேமராதான் இருக்கு. எங்க நிக்கிறது?"

மேடைக்கு முன்னால், நடுவிலிருந்து ஓரடி இரண்டடி விலகி. நட்டநடுவில் நின்றால் பாடகர், மைக் ஸ்டாண்ட், டிரம்ஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைத்துக்கொள்ளும். கொஞ்சம் விலகினால் டிரம்மர் தோளுக்கு மேலே தெரிவார். பாட்டு நடுவில் கேமராவை நிறுத்தாதீர்கள். ஃபோகஸ் போனாலும் ஓடட்டும்.

இன்னொரு கேமராவை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால், பழைய போனாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பின்னால் உயரத்தில் வைத்து முழு மேடையும் தெரிகிற மாதிரி பூட்டிவிடுங்கள். அதை யாரும் தொடக்கூடாது. கையிலிருக்கும் கேமரா எங்கே தடுமாறினாலும் எடிட்டில் அங்கே ஓடிப்போய் ஒளிந்துகொள்ள அதுதான் இடம். மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் டிரம்ஸ் பக்கவாட்டில் வையுங்கள். டிரம்மரை யாருமே எடுப்பதில்லை, எடுத்துக் கொடுத்தால் வாழ்நாள் நண்பராகிவிடுவார்.

"25 ஃப்ரேமா, 24-ஆ, 30-ஆ? யூடியூப்ல எல்லாரும் 24தான் சினிமா லுக்குங்கிறாங்க."

நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்) வைத்து ஷட்டரை 1/50 நொடி வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் அடங்கி நிற்கும். 24 வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பிடிக்கலாம், ஷட்டர் மட்டும் 1/50-லேயே இருக்கட்டும்.

வம்பு 30-ல்தான். போன்கள் பெரும்பாலும் 30-ல்தான் வருகின்றன. அமெரிக்காவில் கரண்டு 60 ஹெர்ட்ஸ், அதனால் அங்கிருந்து பாடம் எடுப்பவர்கள் 1/60 என்பார்கள். அதை இங்கே வைத்தால் டியூப்லைட் ஹாலில் பட்டை பட்டையாகக் கோடு ஊரும். 30 தவிர வழியில்லை என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள்.

"1/50 வச்சும் கோடு ஓடுதே அண்ணே?"

அப்படியென்றால் குற்றவாளி மேடைக்கு நிறம் போடும் எல்இடி பார் லைட். விலை குறைந்த பார் லைட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கு உண்மையில் மங்குவதில்லை. வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது, கண் அதை மங்கல் என்று நம்புகிறது. அந்த வேகத்துக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. லைட்காரரிடம் "மங்க வைக்க வேண்டாம், ஃபுல்லில் விட்டுவிடுங்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று கேளுங்கள். முழு வெளிச்சத்தில் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். மறையாவிட்டால் ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றி, கோடு குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்ட்ரோப் லைட்டுக்கு மட்டும் மருந்து கிடையாது. படத்தின் மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் வரும். ஒரே ஒரு பாட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுங்கள்.

"லைட்டு பூரா சிவப்பும் நீலமுமா இருக்கு. பாடுறவன் மூஞ்சி தக்காளி மாதிரி தெரியுது."

சிவப்பு எல்இடியில் சிவப்பு மட்டுமே இருக்கிறது. முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்ட மற்ற நிறம் எதுவும் வராது. கேமராவின் வெளிச்சமானி "இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் திரையில் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி இருட்டாகவே எடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் ஒரு எண்ணில் நிறுத்துங்கள். ஒவ்வொரு விளக்கு மாறும்போதும் தோல் நிறம் மாறுவதை எடிட்டில் திருத்தவே முடியாது.

உண்மையான வைத்தியம், முன்பக்கத்திலிருந்து சாய்வாக ஒரே ஒரு வெள்ளை விளக்கு. லைட்காரரிடம் இல்லையென்றால் என் கல்யாண விளக்கைச் சுவரை நோக்கித் திருப்பி, அடித்துத் திரும்பும் வெளிச்சத்தை மட்டும் முகத்துக்கு விடுவேன். தயவுசெய்து கேமரா தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் போகாதீர்கள். கிட்டார்காரருக்குக் கண் கூசி, விரல் வைக்கும் ஃப்ரெட்டே தெரியாது. அதோடு அடுத்த கச்சேரிக்கு உங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

"ஐஎஸ்ஓ எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்?"

ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண். அதைக் கேட்பதற்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). ஒரு சாதாரண 50 எம்எம் எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஒன்றில் 1600-ல் முடிகிற வேலை இன்னொன்றில் 16000 கேட்கும். புது கேமரா பாடிக்குக் காசு சேர்ப்பவர்கள் முதலில் அந்த லென்ஸை வாங்குங்கள். மற்றபடி, புள்ளி புள்ளியாக வருவதற்குப் பயப்படாதீர்கள். ராக் கச்சேரிக்குக் கொஞ்சம் புழுதி அழகுதான்.

"சவுண்டு எப்படி எடுக்கிறது? கேமரா மேல மைக் மாட்டினா சரியா வருமா? இல்ல மிக்ஸர்ல இருந்து நேரா எடுத்துக்கலாமா?"

இரண்டும் தனித்தனியாகப் போதாது, சேர்த்தால்தான் போதும். சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மைக்கே வைக்க மாட்டார்கள், தேவையும் இல்லை. கிட்டார் ஆம்ப் தானே கத்தும். ஆகவே மிக்ஸருக்குள் (எல்லா மைக்கையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) போவது பெரும்பாலும் குரல் மட்டும்தான், கூட ஒரு கீபோர்டு இருக்கலாம். மிக்ஸர் லைனை மட்டும் எடுத்தால், ஒருவர் போனில் தனியாகக் கத்திப் பாடுவதுபோலவும் பின்னால் எங்கோ யாரோ தகரம் தட்டுவதுபோலவும் இருக்கும். ஹாலில் வைத்த மைக்கில் மட்டும் எடுத்தால் டிரம்ஸும் கிட்டாரும் பிரமாதமாக வரும், பாட்டு வரிகள் புரியாது. மிக்ஸர் லைன் சொல்லைத் தரும், ஹால் மைக் உயிரைத் தரும். எடிட்டில் இரண்டையும் கலக்க வேண்டும்.

ஹாலில் வைக்க ஸூம் கம்பெனி செய்கிற மாதிரி ஒரு சின்ன ரெக்கார்டர் போதும். எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் மட்டும் குவிந்து குமுறும். மேடையிலிருந்து ஹால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், தலைகளுக்கு மேலே, ஸ்டாண்டை நன்றாக உயர்த்தி வையுங்கள். பக்கத்தில் மின்விசிறி இருக்கக்கூடாது. நம் ஊரில் பெடஸ்டல் ஃபேன் இல்லாத கச்சேரி இல்லை, அதன் காற்று மைக்கில் பட்டால் மொத்தப் பதிவும் புஸ்ஸென்று போய்விடும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலியளவைக் கையால் வையுங்கள், ஆட்டோ வேண்டாம். சவுண்ட் செக்கில் மிக உரத்த இடம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும் (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி உடையும்). கூட்டம் வந்ததும் குழு அதைவிடச் சத்தமாகத்தான் வாசிக்கும், எப்போதும்.

"மிக்ஸர்ல இருந்து லைன் வாங்கினேன். வீட்ல வந்து கேட்டா ஒரே கரகரப்பு."

மன்னார்குடியில் எனக்கும் இதுவே நடந்தது. மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு. மைக் நுழைவாயில் எதிர்பார்ப்பது அதைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய சமிக்ஞை. வாய்க்காலுக்குள் ஆற்றைத் திருப்பிவிட்டால் கரை நிற்குமா? ரெக்கார்டரில் "லைன்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். நான் அன்றைக்கு அதை மாற்றாமல் ஒலியளவை மட்டும் குறைத்துக்கொண்டே போனேன். மீட்டர் அழகாகப் பச்சையில் நின்றது. ஆனால் உடைப்பு மீட்டருக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. ஒன்றரை மணி நேரப் பதிவு, ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. அதனால்தான் மீட்டரைப் பார்த்தால் மட்டும் போதாது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (பதிந்தபின்பும் ஒலியளவைத் திருத்தக்கூடிய வகை) இருந்தால் கவலையில்லை என்கிறார்கள். உள்ளே நுழையும் மின்னழுத்தமே தாங்கும் அளவைத் தாண்டினால் அதனாலும் காப்பாற்ற முடியாது.

"'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் விடாம வருது."

மிக்ஸரும் உங்கள் கருவியும் வேறு வேறு பிளக்கில் எர்த் ஆகி, கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டானால் 50 ஹெர்ட்ஸ் முனகல் வரும். ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டுங்கள், பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் அல்லது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அந்த வளையத்தை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும். எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டுச் சொருகும் வித்தையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஈரக்கையோடு கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைக்கிறவன் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

முனகலாக இல்லாமல் "ஜ்ஜ்ஜ்" என்று கிட்டாரிலிருந்து மட்டும் வந்தால், மின்விசிறி ரெகுலேட்டரையும் டிம்மரையும் சந்தேகப்படுங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தோ நிறுத்தியோ பாருங்கள். கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) அதையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

"மைக் செட் அண்ணன் லைன் குடுக்க மாட்டேங்கிறார். என்ன பண்றது?"

அவர் பக்கம் நின்று பாருங்கள். கோயில் திருவிழா, லைட் மியூசிக், கட்சிக் கூட்டம் என்று முப்பது வருஷம் ஓட்டியவர். யாரோ ஒரு பையன் கச்சேரி தொடங்கும் நேரத்தில் வந்து அவர் மிக்ஸரில் எதையோ சொருகி, உடனே ஹால் முழுக்க இரைச்சல் வந்தால் திட்டு யாருக்கு விழும்? நாலு மணிக்குப் போகச் சொன்னதன் முதல் காரணமே இவர்தான். டீ வாங்கிக் கொடுங்கள். பெட்டியைத் தூக்கக் கைகொடுங்கள். "ஆக்ஸ் ஏதாவது சும்மா இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். ஆக்ஸ் என்பது மிக்ஸரிலிருந்து ஒலி வெளியே வரும் கூடுதல் வழி. கேபிளும் பிளக்கை மாற்றிக்கொள்ளும் கன்வர்ட்டரும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் சொருகட்டும், நீங்கள் மிக்ஸரைத் தொடாதீர்கள்.

ஆக்ஸ் கிடைத்தால் இன்னொரு லாபம் உண்டு. ஹாலுக்குப் போகும் ஒலியைத் தொடாமல், நம் பதிவுக்கு மட்டும் வேறு கலவை அனுப்பச் சொல்லலாம். அப்படியும் மறுத்துவிட்டால் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஓரடி தூரத்தில் ஒரு ரெக்கார்டரை வைத்துவிடுங்கள். குரல் வந்துவிடும்.

"படமும் சத்தமும் ஒட்டவே மாட்டேங்குது."

எல்லாக் கருவியும் ஓடத் தொடங்கியபின் மேடை நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டுங்கள். எடிட்டில் அந்தக் கூர்முனையை வைத்து ஒட்டலாம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே ஒலி அலையைப் பார்த்துத் தானாக ஒட்டித்தரும். முதல் பாட்டில் ஒட்டி ஐந்தாவது பாட்டில் விலகினால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடவில்லை என்று அர்த்தம். பாட்டுக்குப் பாட்டு வெட்டி மறுபடி ஒட்டுங்கள். போன் என்றால் ஃப்ரேம் வேகமே நிலையாக இருக்காது. முதலில் நிலையான 25-க்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குள் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 14 மீட்டர் தள்ளி வைத்த கேமராவுக்குச் சத்தம் ஒரு ஃப்ரேம் தாமதமாகவே வந்து சேரும். ஹால் மைக்கும் மிக்ஸர் லைனும் அப்படித்தான். பத்து மீட்டர் தள்ளியிருந்தால் கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் பிந்தும். கலக்குமுன் ஹால் பதிவை அந்த அளவு முன்னால் நகர்த்துங்கள். இரட்டைக் குரல் ஒற்றைக் குரலாகும்.

"ஹால்ல எக்கோ தாங்கல. தரை டைல்ஸ், சுவரும் டைல்ஸ்."

கழுவிவிட வசதியாகக் கட்டிய கூடம், பாட்டுக்காகக் கட்டியதில்லை. மண்டபத்திலேயே ஜமுக்காளம் இருக்கும், பந்தல் துணி இருக்கும். டிரம்ஸுக்கு அடியில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, பின்னால் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். கூட்டம் வந்தால் இன்னும் அடங்கும், மனித உடம்பு நல்ல பஞ்சு. நான் எடுத்ததில் ஆகச் சிறந்த சத்தம் வலங்கைமான் பக்கம் ஒரு மில் குடோனில் கிடைத்தது. மூன்று பக்கமும் நெல் மூட்டை.

டிரம்ஸ் சத்தம்தான் பிரச்சினை என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். தவிலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த ஊர் இது.

"ஐப்பசில நிகழ்ச்சி வச்சிருக்கோம். மழை வந்தா?"

வரும். தகரக் கூரையாக இருந்தால் ஹால் மைக் பதிவு செத்தது, மிக்ஸர் லைனை நம்பியிருக்க வேண்டியதுதான். அன்றைக்கு டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்புக்கும் பக்கத்தில் ஒவ்வொரு மைக் வைக்கச் சொல்லுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகப் புழுக்கத்துக்குள் எடுத்தால் லென்ஸில் பனி படியும், அரை மணி நேரம் பையிலேயே வைத்துப் பழகவிடுங்கள். சிலிக்கா ஜெல் பை இல்லாமல் லென்ஸை வீட்டில் வைத்தால் தை மாதம் பூஞ்சையோடுதான் வெளியே எடுப்பீர்கள்.

சம்பா நட்ட வயலுக்குப் பக்கத்து ஹால் என்றால் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். லென்ஸ் கண்ணாடியில் உட்கார்ந்தால் படத்தில் யானை அளவுக்குத் தெரியும். வாசலில் தனியாக ஒரு குண்டு பல்பைப் போட்டுவிடுங்கள், பாதி அங்கேயே தங்கிவிடும்.

"எவ்வளவு மெமரி கார்டு வேணும்? கரண்டு போனா?"

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்று எண்பது நிமிஷம் சொச்சம் தாங்கும். வி30 என்று போட்டிருக்கும் கார்டு போதும். பழைய கேமராக்கள் பல 29 நிமிஷம் 59 நொடியில் தானே நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவாகும் கருவிக்கு ஐரோப்பாவில் கூடுதல் வரி இருந்ததால் கம்பெனிகள் வைத்த கட்டுப்பாடு அது. ஆகவே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், கைதட்டல் அடங்குமுன் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கரண்டு போனால் கேமராவை நிறுத்தாதீர்கள். இருட்டில் கூட்டம் செல்போன் வெளிச்சத்தோடு பாட்டைத் தொடர்ந்து பாடியதுதான் நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் கேட்டு வாங்கிய காட்சி.

"எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது. தெரியாம எப்படி எடுக்கிறது?"

தெரிந்துகொண்டு போங்கள். பாட்டு வரிசையை இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்குங்கள், ஒத்திகையைப் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியில் போகும்போது கேட்டாலே போதும். எங்கே கிட்டார் சோலோ வருகிறது, எங்கே எல்லாரும் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது என்று வரிசைத் தாளில் குறித்து, முக்காலிக் காலில் ஒட்டிவிடுங்கள். சோலோ தொடங்கியபின் திரும்புகிறவருக்கு அதன் பின்பாதிதான் கிடைக்கும்.

அதுவும் முடியாதபோது கண்களைப் பாருங்கள். அடுத்து யார் வாசிக்கப் போகிறார் என்பது குழுவுக்குத் தெரியும், இரண்டு நொடி முன்னால் எல்லார் கண்ணும் அவர்மேல் போகும். பேஸ் வாசிப்பவர் டிரம்மரைத் திரும்பிப் பார்த்தால் ஏதோ மாறப்போகிறது. நாதஸ்வரக்காரர் தவில்காரரைப் பார்க்கும் பார்வையைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

"கூட்டமே வரல. முப்பது பேர்தான். வீடியோல எப்படிக் கூட்டமா காட்டுறது?"

முப்பது பேரையும் மேடைக்கு முன்னால் இழுத்துவாருங்கள், நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். தோள்களுக்கு நடுவே தாழ்வாக நின்று எடுங்கள். பின்னால் பூட்டிவைத்த கேமராவைக் கொஞ்சம் இறுக்கி, காலித் தரை தெரியாமல் வையுங்கள். வேறு கச்சேரியின் கூட்டத்தை வெட்டி ஒட்டித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை.

"மறுநாள் காலைல காதுல 'ஙொய்'ங்குது. சரியாயிடுமா?"

காது கொடுக்கும் எச்சரிக்கை அது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். சின்ன ஹாலில் மேடைக்கு முன்னால் அதைத் தாண்டுவது சாதாரணம். மருந்துக்கடையில் ஸ்பாஞ்ச் அடைப்பான் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இரைச்சல் ஓரிரு நாளில் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

"ராத்திரி பத்துக்கு மேல வாசிக்கலாமா? போலீஸ் வந்தா வீடியோ என்னாகும்?"

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் நம் கூடங்களில் பாதிக்கு ஜன்னல் கதவே கிடையாது. முக்கியமான பாட்டுகளைக் கடைசிக்கு வைக்காதீர்கள் என்று குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

"மத்தவங்க பாட்டைத்தான் பாடினாங்க. யூடியூப்ல போடலாமா?"

மேடையில் பாடுவது ஒன்று, அதைப் படத்தோடு சேர்த்து வெளியிடுவது வேறு. பாட்டின் உரிமை இசையமைத்தவர், எழுதியவர் வாழ்நாளோடு முடிவதில்லை, இறந்தபின் இன்னும் 60 ஆண்டு இருக்கிறது. பாட்டு யாருடையது என்று சோதிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி மெட்டை வைத்தே கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில நேரம் வீடியோவே முடங்கும். குழுவின் சொந்தப் பாட்டை முதலில் ஏற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பலர் மறப்பது இன்னொரு உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கும் தனி உரிமை உண்டு, 50 ஆண்டு. வாசித்தவர்கள் சம்மதமில்லாமல் எடுத்ததும் போட்டதும் தவறாகிவிடும். நாலு வரி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், டிரம்மரையும் சேர்த்து. குழு உடையும்போது முதலில் சண்டை வருவது வீடியோவுக்குத்தான்.

"எடுத்த ஃபைல் மொத்தத்தையும் குடுங்கன்னு கேக்குறாங்க. குடுக்கணுமா?"

தொடங்கும்போதே பேசியிருந்தால் இந்தக் கேள்வி வராது. நான் இரண்டு விலை சொல்வேன். மூன்று பாட்டு எடிட் செய்து தர ஒன்று, எல்லா ஃபைலும் சேர்த்துத் தர ஒன்று. நண்பர்கள் என்று சும்மா எடுத்துக் கொடுத்தால், எட்டாவது திருத்தத்தின்போது நட்பு இருக்காது. இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

"நல்லா வந்த பாட்டுல ஒரே ஒரு இடத்துல பாடகன் சுருதி விட்டுட்டான். மறுபடி பாடி ஒட்டிடலாமா?"

மிக்ஸர் லைனில் இருப்பதை மாற்றிவிடலாம். ஆனால் பழைய குரல் ஹால் மைக்கிலும் இருக்கிறது, டிரம்ஸோடும் கிட்டாரோடும் ஒட்டிக்கொண்டு. அதைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன, சின்ன ஹாலின் எதிரொலியை வைத்து அவை தடுமாறுகின்றன. புதுக் குரலுக்குப் பின்னால் பழைய குரல் ஆவிபோல நிற்கும். உதடும் ஒத்துப்போகாது.

அதனால் நான் சவுண்ட் செக்கில் இரண்டு பாட்டை முழுதாக வாசிக்கச் சொல்லி எல்லாக் கருவியிலும் பதிந்துவிடுவேன். மேடையில் போடப்போகும் சட்டையையே அப்போதும் போட்டிருக்க வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடுவேன். மைக்கும் அதே, ஹாலும் அதே. அந்த ஒரு வரியை அங்கிருந்து எடுத்து ஒட்டினால் யாருக்கும் தெரியாது. போன ஆடியில் ஒரு பாடகர் சவுண்ட் செக்கில் லுங்கியோடு வந்து நின்றார். இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தேன்.